மூச்சு விடாத குரல்

“மூச்சையுமா எடுத்துட்ட?”

“மூச்சுக்குள்ளயும் டிக் சத்தம் இருந்துச்சு, தேபு தா. வேற வழி தெரியல.”

“பாடுறவன் நடுவுல மூச்சு வாங்க மாட்டானா?”

“கேக்குறவங்க அதையா கவனிக்கப் போறாங்க?”

தேபு கிடாரை மடியில் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு பாட்டை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிடச் சொன்னான். பூங்கோதை ஓடவிட்டாள். பழைய மெத்தைகளைச் சுவரில் சாத்தி, ஜன்னலைப் போர்வையால் அடைத்து, டாலிகஞ்ச் காலனி வீடு ஒன்றின் பின்னறையை அவர்கள் ஸ்டுடியோவாக ஆக்கியிருந்தார்கள். அந்த அறைக்குள் மாதவின் குரல் எழுந்தது. கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

இருவரும் வங்காள மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். தேபுவுக்குத் தெரிந்த தமிழெல்லாம் பூங்கோதையும் மாதவும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும்போது பொறுக்கிக்கொண்ட சொற்கள். வயதில் மூத்தவன் என்பதால் அவன் எல்லோருக்கும் தேபு தா, தேபு அண்ணன். அவன் கிடார், பூங்கோதை டிரம்ஸ், மாதவ் பாட்டு. நான்காவதாக பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் பெங்களூரில் வேலை கிடைத்ததும் போய்விட்டான். மிஞ்சிய மூன்று பேர்தான் ‘பாங்கா க்ரேன்’ என்ற ராக் குழு. உடைந்த கிரேன் என்று அர்த்தம். கிடர்பூர் துறைமுகத்தில் பூங்கோதையும் மாதவும் வளர்ந்த ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று, கழுத்து முறிந்த நாரை மாதிரி, எந்தக் காலத்திலும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

பாட்டின் பெயர் ‘ஜலேர் தொர்ஜா’. தண்ணீரின் கதவு. நதியில் நீர்மட்டம் ஏறும் வேளை பார்த்து, துறைமுகத்தின் பெரிய கதவுகளைத் திறந்து கப்பலை உள்ளே விடுவார்கள். மாதவ் சின்னப் பையனாக இருந்தபோது உலகத்தில் எல்லாத் தண்ணீருக்கும் கதவு உண்டு என்றுதான் நம்பியிருந்தான். பூரி ஊருக்குப் போய் முதல் தடவையாகச் சமுத்திரத்தைப் பார்த்ததும், இதை எங்கே பூட்டுவார்கள் என்று கேட்டு அழுதானாம். அதைத்தான் பாட்டாக எழுதினான். எங்கள் தண்ணீருக்குக் கதவு உண்டு, கப்பல் வெளியே நிற்கிறது, திறக்கிறவன் தூங்கிவிட்டான். அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மாதவ் எப்போதும் ஒரு மூச்சு வாங்குவான். மாடிப்படியில் சுமையோடு ஏறுகிறவன் கடைசிப் படிக்கு முன்னால் ஒரு நொடி நின்று, தோளை ஏற்றிக்கொள்வானே, அப்படி.

அந்த மூச்சுதான் இப்போது இல்லை.

“அவன்கிட்ட சொல்லிட்டியா?” என்று தேபு கேட்டான்.

“நாளைக்கு சொல்றேன்.”

“ஷூட்டிங்குக்கு முன்னாடி சொல்லிடு. ஸ்பீக்கர்ல போய் முதல் தடவையா கேக்க வச்சிடாத.”

சொல்கிறேன் என்றாள். சொல்லத்தான் நினைத்தாள்.

ஒரு பாட்டைப் பதிவு செய்வதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. எல்லாக் குழுக்களும் செய்வதுதான். முதலில் பாடகன் சும்மா ஒரு தடவை பாடிக் கொடுப்பான். அதற்கு கைட் டிராக் என்று பெயர். வழிகாட்டும் குரல், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. அதைக் காதில் போட்டுக்கொண்டு டிரம்ஸ் வாசிப்பார்கள், கிடார் வாசிப்பார்கள். வீடு முழுக்கக் கட்டி எழுந்த பிறகு பாடகன் திரும்ப வந்து உண்மையான பாட்டைப் பாடுவான். அதற்கப்புறம் கைட் டிராக்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கட்டி முடித்த வீட்டின் சாரத்தைப் பார்க்காத மாதிரி.

மாதவ் கைட் பாடும்போது ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்வான். தன் குரல் தனக்குக் காற்றில் கேட்க வேண்டும். தாளம் தப்பக்கூடாது என்று பூங்கோதைதான் அந்த ஹெட்போனில் டிக் டிக் என்ற தாளச் சத்தத்தை உரக்க வைத்திருந்தாள். டிரம்ஸ்காரி அல்லவா. திறந்த பக்கத்திலிருந்து அந்த டிக் ஒழுகி, மைக்குக்குள் போய், பாட்டு முழுவதும் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தேபுகூடச் சுட்டிக்காட்டினான். கைட்தானே, இருக்கட்டும் என்று சொன்னவள் அவள்.

அதற்குப் பிறகு அவள் தன் டிரம்ஸைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் எங்கேயோ ஒரு இடம் அவளுக்கு உறுத்தியது. மாதவ் வாசலில் வந்து நின்று, இப்பவாவது பாடலாமா மேடம் என்று கேட்பான். அடுத்த வாரம்டா என்பாள். அந்த அடுத்த வாரங்களில் ஒன்றில்தான் அவன் கழுத்தில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தைராய்டில். எடுத்துவிட்டால் ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் குரலுக்குப் போகும் நரம்பைக் கட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது, குரல் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தேதி உடனே கிடைத்தது. ஆபரேஷன் நடந்தது. ஆள் திரும்பினான். குரல் திரும்பவில்லை. எல்லோரும் நல்லபடியாகச் செய்ததாகத்தான் பேச்சு. யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. அது பூங்கோதைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் குற்றம் சொல்ல மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

பாட்டை வெளியிட ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. அந்தக் குழுவின் முதல் பாட்டு, வீடியோவோடு. விஷயம் தெரிந்ததும் அவர்கள் அனுதாபமாகவே பேசினார்கள். வேறு பாடகனைப் பாட வைத்துவிடலாமே என்றார்கள். இல்லை, மாதவின் குரலே இருக்கிறது என்று பூங்கோதை சொன்னாள். கைட் டிராக்கை அனுப்பினாள். கடிகாரத்துக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, சுத்தம் செய்து தர முடியும் என்றால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அவள் சுத்தம் செய்தாள். ஒவ்வொரு டிக்காகத் தேடி எடுத்தாள். எடுத்த இடத்தில் எழுத்துகள் குழிந்தன. சில சொற்கள் பல் போன வாய் மாதிரி ஆயின. சில வரிகள் அடியோடு போயின. கடைசியில், மாதவ் முன்பு மேடையில் பாடிய பதிவுகளையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்குள் ஊட்டினாள். அது மாதவ் மாதிரியே பாடிக் கொடுத்தது. முதலில் ஒரு சொல்லுக்கு மட்டும் என்று ஆரம்பித்தாள். ஓட்டையை அடைக்கிற துண்டுத் துணிபோல. தைத்துக்கொண்டே போனதில், எது துணி, எது துண்டு என்று அவளுக்கே சில நாள் புரியாமல் போனது. மாதவின் குரல் உலகத்தில் எங்காவது இருக்க வேண்டும். அவள் மனசில் ஓடியது அது ஒன்றுதான். அது இல்லாமல் போனால், அடுத்த வாரம்டா என்று தான் சொன்னதுதான் கடைசியாக நிற்கும்.

மறுநாள் கரியாஹாட்டுக்குப் போனாள். மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் மாதவின் அம்மா நாகலட்சுமி கடை வைத்திருந்தாள். அப்பளம், வடகம், இட்லிப்பொடி, முறுக்கு, காப்பித்தூள். மாதவின் அப்பா இறந்த பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள். வங்காளிப் பெண்கள் அவளை மாஷிமா, சித்தி என்று கூப்பிட்டு, சாம்பார்ப் பொடியை எந்தக் காய்க்குப் போடலாம் என்று யோசனை கேட்பார்கள். மாதவ் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் மெல்லிய பருத்தித் துண்டு. அவளைப் பார்த்ததும் போனில் ஏதோ தட்டினான். போன் ஒரு பெண் குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தது:

“வாங்க டிரம்மர் மேடம். முறுக்கு சாப்பிடுங்க. ஓசி.”

“இந்தக் கொடுமையை நிப்பாட்டேன்டா.”

அவன் மறுபடி தட்டினான். “எனக்குள்ள நியூஸ் வாசிக்கிற அக்கா ஒருத்தங்க குடி வந்துட்டாங்க. காலி பண்ண மாட்டேங்கிறாங்க.”

கடைக்கு வந்திருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பூங்கோதையும் சிரித்தாள். மாதவ் சிரிக்கும்போது சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்க்காமலிருக்க முறுக்கை ஒடித்தாள்.

போன் இல்லாமலும் அவனால் பேச முடியும்; காற்று மட்டும் வரும். கரியாஹாட்டின் இரைச்சலில் அந்தக் காற்று கல்லாவைத் தாண்டாது. அதனால் அவள் அவன் உதட்டைப் பார்க்கப் பழகியிருந்தாள். வங்காளம் என்றால் சில இடங்களில் தடுக்கும். தமிழ் என்றால் தடுக்காது. வெளியே யாரோடும் பேசாத மொழி. ஸ்கூல் பஸ்ஸில், மாடியில், மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று இருவரும் சேர்த்து வைத்திருந்த மொழி. அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் வாய் எப்படித் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பாட்டு ரெடி, கேட்கிறாயா என்று போனை நீட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அப்புறம் உதட்டை அசைத்தான். நாளைக்கு ஷூட்டிங்கில் கேட்டுக்கிறேன் என்றான். பிறகு, வீடியோவில் தான் இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டான். உன் பாட்டுடா, நீ இல்லாமல் யார் என்றாள். அவன் தராசுத் தட்டை விரலால் ஒரு தரம் அழுத்தி விட்டான். அது ஆடி அடங்கும்வரை அதையே பார்த்திருந்துவிட்டு, சரி என்றான். அவளுக்காகச் சொன்ன சரி அது. அவளுக்கும் அது தெரிந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் நேரம். யாரோ காப்பித்தூள் கேட்டார்கள். அரைக்கும் மெஷின் ஓடியது. மாதவ் எழுந்து உள்ளே போனான்.

நாகலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் ஒரு பாட்டுகூடக் கேட்பதில்லை, மார்க்கெட்டில் எங்காவது பாட்டுப் போட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறான் என்றாள். இந்தப் பாட்டு வந்தால் கொஞ்சம் எழுந்து உட்காருவான் என்று நினைப்பதாகச் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அது அவன் குரல்தானே, பூங்கோதை?”

“அவன் குரல்தான், அத்தை.”

அப்பளக் கட்டுகளுக்கு நடுவே அந்தப் பொய் ரொம்பச் சின்னதாக இருந்தது. காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடலாம் போல.

ஷூட்டிங் கிடர்பூரில், துறைமுகத்தின் பழைய கிடங்கு ஒன்றில். பூங்கோதையின் அப்பா மணிவேல் போர்ட் ஆபீஸில் இருந்ததால் கிடைத்த இடம். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து பாதி ஆயுள் இங்கேயே போய்விட்ட மனிதர். காரணமில்லாமல் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இதற்காகக் கேட்டார். காலையிலேயே வந்து வாசலில் நின்றுகொண்டு, “உள்ள பீடி சிகரெட் கூடாது, தண்ணிப் பக்கம் போகக்கூடாதுன்னு நான்தான் வாக்கு குடுத்திருக்கேன். எம் மானத்த வாங்கிராதிய” என்று, தமிழ் தெரியாத லைட்காரர்களிடமும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மாதவ் டாக்ஸியிலிருந்து இறங்கியதும், “என்னல, எப்படி இருக்க?” என்றார். அவன் கட்டைவிரலை உயர்த்தினான். அவர் அவன் தோளில் கையை வைத்து, சட்டையிலிருந்து இல்லாத தூசியைத் தட்டிவிட்டு, ஆபீஸ் பக்கம் நடந்துபோனார்.

டைரக்டர் கம்பெனி அனுப்பியவர். அனிர்பன் என்று பெயர். நல்ல மனிதர், அவசரக்காரர். கூரை ஓட்டையிலிருந்து வெயில் விழும் இடத்தில் மாதவை நிறுத்தினார். கழுத்துத் துண்டை எடுத்துவிடலாமா என்று கேட்டார். மாதவ் எடுத்தான். குறுக்கே சிவந்த கோடு ஒன்று தெரிந்தது. அனிர்பன், அருமையாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டது பூங்கோதைக்குத் தெரிந்தது.

அவள் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தேபு கிடாரோடு நின்று, அவளைத் திரும்பிப் பார்த்து, சொல்லிட்டியா என்று புருவத்தால் கேட்டான். அவள் குச்சிகளைப் பார்த்தாள்.

பெரிய ஸ்பீக்கரில் பாட்டு கிளம்பியது.

மாதவ் முதல் வரிக்கு வாயசைத்தான். அவன் முகம் கொஞ்சம் திறந்தது. தூரத்தில் தெரிந்தவர் யாரோ வருகிற மாதிரி. இரண்டாவது வரியில் இன்னும் உற்றுக் கேட்டான். எங்கள் தண்ணீருக்குக் கதவு உண்டு. கப்பல் வெளியே நிற்கிறது. கடைசிச் சொல்லுக்கு முன்னால் அவன் நெஞ்சு தானாக ஏறியது. மூச்சை இழுத்தான். ஸ்பீக்கர் நிற்கவில்லை. அவன் மூச்சுக்குள் இருந்தபோதே, ஸ்பீக்கரில் அவன் குரல் சொல்லை முடித்துவிட்டுப் போய்விட்டது.

அனிர்பன் கட் என்றார். கொஞ்சம் பிந்திவிட்டது, மறுபடி போகலாம் என்றார்.

மறுபடி போனார்கள். மறுபடியும் அதே இடத்தில் மாதவ் மூச்சு வாங்கினான். இந்த முறையும் அவனாக வாங்கவில்லை, உடம்பு வாங்கியது. மறுபடியும் பிந்தினான். அனிர்பன் பொறுமையாக அருகில் போய், அந்த இடத்தில் மூச்சு விடவேண்டாம், பாட்டில் அங்கே மூச்சு இல்லை பாருங்கள் என்று விளக்கினார். பாட்டுக்குச் சொந்தக்காரனுக்கே பாட்டைச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தோன்ற வைக்க வேண்டியவள் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

மாதவ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நல்ல மாணவன் மாதிரி. அடுத்த முறை அந்த இடத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதற்கடுத்த முறை அதுவும் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் அந்தக் குரலுக்கு அச்சாக வாயசைத்தான். ஒரு மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை. லைட்காரர்கள் கை தட்டினார்கள். தேபு தட்டவில்லை. வெளியே லாரி ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டே பீப் பீப் என்று கத்தியது. பூங்கோதைக்கு அது டிக் டிக் என்று கேட்டது.

சாப்பாட்டு வேளையில் மாதவ் அவளிடம் வந்தான். போனை வெளியே எடுக்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராக உதட்டை அசைத்தான். கொஞ்சம் காற்றும் வந்தது.

“எது எது நான்?”

“எல்லாம் உன் குரல்லேர்ந்து எடுத்ததுதான்டா.”

“நான் அதக் கேக்கல.”

அவள் சோற்றைப் பிசைந்தாள். சில இடங்களில் டிக் போகவே இல்லை, அதனால் புரோகிராமை வைத்துக் கொஞ்சம் சேர்க்க வேண்டியதாயிற்று என்றாள். எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. தான் பாடிய அந்த டிக் டிக் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றாள். அதை ஏன் போடவில்லை என்றான். அதை யாரும் வெளியிட மாட்டார்கள், வேறொருவனைப் பாட வைத்துவிடுவார்கள், உன் குரல் போகக்கூடாது என்றுதான் இவ்வளவும் என்றாள். சொல்லச் சொல்ல வேகமாகப் பேசினாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், இப்போது அவன்தான் உதட்டைப் படிக்கிறவன் மாதிரி.

“போனது போச்சு பூங்கோ” என்று உதட்டால் சொன்னான். அதற்குள் அனிர்பன் கூப்பிட்டுவிட்டார்.

கடைசி ஷாட் மெதுவாக ஓடும் ஷாட். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போடுவார்கள். பாடகன் அந்த வேகத்துக்கே வாயசைக்க வேண்டும். கேமராவும் வேகமாகப் பிடிக்கும். பிறகு எடிட்டிங்கில் பாதியாகக் குறைத்தால், உதடு பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். முடியும் தூசியும் சட்டையும் மட்டும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மெதுவாக அசையும். கிடங்குத் தரையில் மாவு தூவி, பெரிய விசிறியை வைத்தார்கள். மாதவ் மட்டும் வெயில் விழும் இடத்தில் நின்றான், மற்றவர்கள் கேமராவுக்குப் பின்னால். ஸ்பீக்கரிலிருந்து அவன் குரல் கிளம்பியபோது, அது குரங்குக் குட்டி கீச்சிடுகிற மாதிரி இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். யாராலும் அடக்க முடியாத சிரிப்பு. மாதவின் தோளும் குலுங்கியதைப் பூங்கோதை பார்த்தாள். பிறகு அவன் கேமரா இருந்த பக்கம் பார்த்து, வேக வேகமாக வாயசைத்தான். மாவு பறந்தது. அந்த வேகத்தில் யார் எதைச் சரிபார்ப்பது? ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று.

போகும்போது அவன் அவளுக்குக் கையசைத்தான். எப்போதும் போலத்தான் அசைத்தான். டாக்ஸியின் பின்கண்ணாடியில் அவன் தலை, லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே மறைந்து தெரிந்து மறைந்தது.

சில நாள் கழித்து, எடிட்டிங் டாலிகஞ்சில் ஒரு மாடியறையில் நடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் முடித்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். வெளியிடுவதாக அறிவித்தும் விட்டார்கள். அனிர்பன் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் நன்றாக வந்திருந்தன. திரையில் மாதவ் பாடிக்கொண்டிருந்தான். தெரியாதவர்கள் பார்த்தால், கழுத்தில் காயத்தோடு ஒருவன் மூச்சே வாங்காமல் பாடுகிறான், என்ன சக்தி என்று சொல்வார்கள். பூங்கோதைகூட ஓரிரு இடங்களில் நம்பினாள். நாகலட்சுமி அத்தை கடையில் போனைத் தூக்கிப் பிடித்து மாஷிமா என்று கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் இதைக் காட்டுவாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் நெஞ்சு ஒரு கணம் லேசானது. ஒரு கணம்தான்.

கடைசியில் மெதுவான ஷாட்டை அனிர்பன் போட்டார். பாதி வேகத்துக்குக் குறைத்தார். மாவு பனிபோல் மிதந்தது. வெயில் தூண்கள் மாதிரி நின்றது. மாதவின் முடி எழுந்து மெல்ல விழுந்தது. அழகாக இருந்தது. அனிர்பன் முன்னால் குனிந்தார். உதடு ஒட்டவில்லை என்றார்.

கொஞ்சம் முன்னால் இழுத்துப் பார்த்தார். பின்னால் தள்ளிப் பார்த்தார். எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. ஸ்பீக்கரில் குரல் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது, திரையில் வாய் வேறு எதையோ. வேகத்தில் வரிகளை மறந்துவிட்டான் போல, பாவம் என்றார். பரவாயில்லை, இதை முகம் தெரியாமல் பின்பக்கத்து ஷாட்டோடு மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். தேபு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். இது வங்காளமே இல்லையே, என்ன சொல்கிறான் என்று பூங்கோதையைக் கேட்டான்.

அவள் சத்தத்தை நிறுத்தச் சொன்னாள்.

அறை அமைதியானது. கீழே ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ சவாரிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் மாதவ் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால், அவள் நின்றிருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், யாருக்கும் பிடிபடாத வேகத்தில், இருவரும் மாடியில் சேர்த்து வைத்திருந்த மொழியில் பேசியிருக்கிறான். பாதி வேகத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் திறந்து மூடியது. உதடு இரண்டும் சேர்ந்து, குவிந்து, அவள் பெயரைச் சொல்லிற்று. பிறகு மூச்சு. அவன் எப்போதும் வாங்குகிற மூச்சு, நெஞ்சு ஏறித் தோள் ஏறி, கடைசிப் படிக்கு முன்னால் நிற்பது. பிறகு மீதிச் சொற்கள். முடிந்ததும் மறுபடி அவள் பெயர். மறுபடி மூச்சு. பாட்டு முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கம்பெனியிலிருந்து அனிர்பனின் போனுக்கு அழைப்பு வந்தது. இதோ, ஒரு ஷாட்தான் பாக்கி என்று அவர் சொன்னார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பூங்கோதையைப் பார்த்து, அனுப்பிவிடலாம்தானே என்று கையால் கேட்டார். தேபு அவள் தோளைத் தொட்டு, என்னதான் சொல்கிறான் என்று மறுபடி கேட்டான்.

அவள் ஷாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். மாவு எழுந்தது. மாதவ் அவளைப் பார்த்தான்.

“பூங்கோ, வேணாம். இது நான்னு யார்கிட்டயும் சொல்லாத.”